பொற்கொல்லர் செல்லினி

பொன்னையும் மணியையும் விரும்பாத நாடும் இல்லை, காலமும் இல்லை. ஆயினும் அணியைப் பூண்டவரைப் புகழும் உலகம், அதனை ஆக்கியவரை நினைப்பது அரிது. கல்லிற் செய்த உருவம் காலத்தை எதிர்த்து நிற்கும். பொன்னிற் செய்த உருவமோ, இல்லாமை வந்துழி உருக்கப்படும். போர் வந்துழிக் கொள்ளையிடப்படும். வழக்கம் மாறியவழி அழித்துப் புதிதாகச் செய்யப்படும். ஆகவே, பொற்கொல்லர் தொழில் தன் புகழைத் தானே அழித்துக்கொள்ளுந் தொழில் என்றே கூறலாம். அங்ஙனமாகவும், இற்றைக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னர் இத்தாலிய நாட்டிலே பிறந்த பொற்கொல்லர் ஒருவருடைய பெயர் இன்றும் மங்காது விளங்குகின்றது. பென்வெனுட்டோ செல்லினி என்பாரே அவர்.

அவர் தம் வாழ்நாளில் இயற்றிய பொன்வேலைகள் பல. அவற்றுள், அவருடையதே என்று ஐயமின்றிக் கூறத்தக்கதாய் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. எனினும், அவர் தமது வரலாற்றைத் தாமே எழுதி வைத்தார். தமது தொழிலின் நுட்பங்களைப் பற்றியும் நூல்கள் இயற்றினார். அவற்றின் வாயிலாக, ஓர் அணிகலன் கையில் உருப்பெறுதற்கு முன்னர் மனத்தில் எவ்வாறு கருக்கொள்கின்றது என்பதை நாம் காணலாம். அம்மட்டோ? பொன்னைத் தம் விருப்பப்படி வளைக்க வல்ல ஒருவர் தம் சினத்தை வளைக்க மாட்டாராயின் அவர் வாழ்வு யாதாகும் என்பதையும் காணலாம். இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

செல்லினி 1500ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆம் நாள் பிளாரன்ஸ் மாநகரிற் பிறந்தார். பெண் மகவை எதிர்நோக்கியிருந்த தந்தையார் ஜியோவானி, ஆண் மகவு பிறந்ததைக் கண்டு பெருமகிழ்வெய்தி, நல்வரவு எனப் பொருள்படும் பென்வெனுட்டோ என்னும் பெயரை இட்டழைத்தார். தந்தையார் இசைக்கருவிகள் செய்வதிலும் தந்த வேலையிலும் கைதேர்ந்தவர். நகராட்சியின் இசைக்குழுவிற் குழல் ஊதுபவருமாவர். தம் மைந்தன் தம்மினும் சிறந்த குழலிசைஞன் ஆகவேண்டுமென்பது அவருடைய பேரவா. மைந்தருக்கோ குழலோசை கேட்டால் உள்ளம் கசந்தது. சுத்தியலின் ஓசை கேட்டால் உள்ளம் துள்ளிற்று. இறுதியில், தம் பதினைந்தாம் வயதில், தந்தையாரின் விருப்பத்திற்கு மாறாக, மார்க்கோனே என்று வழங்கப்பெற்ற பொற்கொல்லர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். தந்தையார்மீது அவர் கொண்ட அன்பு மட்டும் குறையவில்லை. அவரை மகிழ்விக்கும் பொருட்டுத் தாம் வெறுத்த குழலையும் இடையிடையே ஊதிவந்தார்.

இளமையிலேயே அவருடைய சினமும் தலைகாட்டத் தொடங்கிற்று. 1516இல் தெருவில் நிகழ்ந்த கலகமொன்றிற் கலந்துகொண்டமையால் ஆறு திங்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டு, சியெனா நகரிற் போய்த் தொழில் செய்தார். பின்னர்ப் பொலோஞாவிலும் பைசாவிலும் சிலகாலம் தங்கினார். பைசாவில் இருந்த பண்டைக் கல்லுருவங்களை ஓய்வு நேரங்களில் ஆராய்ந்தார். பிளாரன்ஸ் மீண்டபோது, மைக்கேல் ஏஞ்சலோவும் லியனார்டோ டாவின்சியும் சுவர் ஓவியங்களுக்காக வரைந்த பெரும் படிவங்களைக் கண்ணுங் கருத்துமாய்ப் பயின்றார். அணி செய்வோனுக்கு மனித உடலின் எலும்பும் நரம்பும் எதற்கு என்று பிறர் கருதிய காலத்தில், உடலை வரையக் கல்லாதவன் விரலளவு உருவத்தையும் செம்மையாய்ச் செய்ய மாட்டான் என்று அவர் உணர்ந்திருந்தார்.

ரோமாபுரியில்

1519இல் ரோமாபுரிக்குச் சென்று இரண்டாண்டு தங்கிப் பின் ஊர் திரும்பினார். 1523இல் மீண்டும் ஒரு சண்டை. மீண்டும் ஒரு தண்டனை. இம்முறை துறவியொருவரின் உடையை அணிந்துகொண்டு தப்பி ரோமாபுரி சேர்ந்தார். அக்காலத்தில் அந்நகர் போப்பாண்டவரின் அரசிருக்கையாக மட்டுமன்றி, கலைஞர் பலரின் புகலிடமாகவும் விளங்கிற்று.

அங்கே செல்வர் கீஜி என்பாரின் மாளிகையில் ராபேல் தீட்டிய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகுவது அவருடைய வழக்கம். அவ்வில்லத்துத் தலைவி போர்சியா அம்மையார் ஒருநாள் அவர் வரைந்ததைக் கண்டு, ஓவியரோ சிற்பியோ என வினவினார். தாம் பொற்கொல்லர் என்று அவர் விடை கூறவே, அம்மையார் வியப்புற்று, வைரங்கள் பதித்த தம் பழைய அணியொன்றைக் கொணர்வித்து, அதனைப் புதிதாக இழைத்துத் தரும்படி கேட்டார். செல்லினி அவ்வைரங்களை லில்லி மலர் வடிவில் அமைத்து, இடையிடையே சிறு முகங்களும் குழந்தை உருவங்களும் விலங்குகளும் விளங்க, வண்ண எனாமல் பூசி முடித்தார். வைரங்கள் அவைதாமே, எனினும் முன்னையினும் இருமடங்கு ஒளிர்ந்தன போலத் தோன்றின.

அப்பொழுது அவருடன் தொழில் செய்த லூக்கஞோலோ என்பார் பெரியதொரு வெள்ளிக் கலத்தைச் செய்துகொண்டிருந்தார். இத்தகைய சிறு வேலையால் யாது பயன், பெருங்கலங்களன்றோ புகழும் பொருளும் தரும் என்று அவர் ஏளனஞ் செய்தார். யாருடைய வேலைக்கு மிகுந்த ஊதியம் கிடைக்கும் என்று இருவரும் போட்டியிட்டனர். ஊதியப் பொதிகளை அவிழ்த்துப் பார்த்தபோது, கைக்குள் அடங்கும் அணி செய்தவருக்கே மிகுதியான பொருள் கிடைத்திருந்தது. வேலையின் பெருமை அதன் அளவில் இல்லை, அதிற் செலுத்திய கருத்தில் உள்ளது என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

கற்பனை பிறந்த வகை

செல்லினியின் புதுமைகள் வானத்திலிருந்து விழுந்தன அல்ல. அவர் தேடினார், திரட்டினார், திரட்டியவற்றைத் தம்முள் வைத்துக் கலந்தார். ரோமாபுரியின் புறத்தே திராட்சைத் தோட்டங்களைக் கொத்தும் உழவர்க்கு நிலத்தினின்று பழங்காசுகளும் செதுக்கு மணிகளும் அகப்படுவதுண்டு. இடிபாடுகளிடையே புறா வேட்டையாடச் செல்லும் செல்லினி அவ்வுழவரோடு நட்புப் பூண்டு, அவற்றை விலைக்கு வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் கூர்ந்து நோக்குவார். ஒருகால், சாம்பல் நிறைந்த பண்டைத் தாழிகளினின்று பொன்னிழை பதித்த இரும்பு மோதிரங்கள் சில எடுக்கப்பட்டன. அவற்றைக் கண்ட பிறர் பழமை என்று வியந்து விட்டொழிந்தனர். செல்லினியோ, இரும்பிற்கும் பொன்னிற்கும் உள்ள நிற மாறுபாடே அவற்றின் அழகு என்று தெளிந்து, எஃகிற் பொன் பதித்துப் புதிய மோதிரங்களைச் செய்து விற்றார்.

துருக்கி நாட்டுக் கட்டாரிகள் சில அவர் கைக்கு வந்தன. அவற்றின் எஃகுப் பரப்பிலே இலைக்கொடிகள் மிக நுண்ணியனவாய்ப் பொன்னாற் பொறிக்கப்பெற்றிருந்தன. அவற்றைப் போலவே செய்து பார்த்தார். செய்தபின் அவ்வளவில் நிற்கவில்லை. துருக்கியர் எடுத்தாளும் இலைகள் ஒருவகை. லம்பார்டி நாட்டார் விரும்பும் ஐவிக்கொடி மற்றொருவகை. தஸ்கனியாரும் ரோமரும் போற்றும் அக்காந்தஸ் இலை வேறொருவகை. இவற்றை ஒப்புநோக்கி, வளைந்து நெளியும் இலைகளிடையே பறவையும் விலங்கும் மறைந்து தோன்றும்படி தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். பிறர் நாட்டுப் பொருளை நாணமின்றிக் கற்றலும், கற்றதை அப்படியே ஒப்பிக்காது தம்முடையதாக்குதலும் அவருடைய முதல் இலக்கணம் எனலாம்.

மெழுகே அவருக்கு இரண்டாம் மொழி. தாளில் வரைந்த படம் ஒரு பக்கத்தையே காட்டும். மெழுகுருவோ எல்லாப் பக்கத்தையும் காட்டும். பிடிக்காவிடில் நொடியிற் பிசைந்து வேறாக்கலாம். பொன்னில் அங்ஙனம் செய்தல் இயலுமோ? எனவே, எந்த வேலையை ஏற்பினும் முதலிற் சிறு மெழுகுருவொன்றைச் செய்து, அதனை வேலை கொடுத்தவர்முன் வைத்து, அவருடைய கண்ணைக் கொண்டே தம் கருத்தைச் சோதித்துக்கொள்வார்.

1528ஆம் ஆண்டளவில் அவர் பிளாரன்ஸில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்று இதனை விளக்கும். அக்காலத்துச் செல்வர் தம் தொப்பியிற் பொற்பதக்கம் அணிவது வழக்கம். ஹெர்குலிஸ் சிங்கத்தின் வாயைப் பிளக்கும் தோற்றமுடைய பதக்கமொன்றைச் செல்லினி செய்தார். மைக்கேல் ஏஞ்சலோ அதனைப் பாராட்டினார். இதனையறிந்த பெதரிகோ ஜினோரி என்னும் இளைஞர், வானத்தைச் சுமக்கும் அட்லஸின் உருவமமைந்த பதக்கம் வேண்டுமென்று கருதி, மைக்கேல் ஏஞ்சலோவையே ஒரு படம் வரைந்து தர வேண்டினார். அப்பெரியார் தாமும் வரைவதாக ஒப்புக்கொண்டு, செல்லினியும் ஓர் உரு அமைக்கட்டும், இரண்டனுள் சிறந்ததைப் பொன்னிற் செய்யலாம் என்றார். செல்லினி, இராசிகள் பொறித்த பளிங்கு உருண்டையே வானமாக, நீலக்கல்லின்மேல் அட்லஸ் அதனைச் சுமந்து நிற்கும்படி மெழுகில் உருவாக்கினார். பெரும்புலவரின் படமும் இளைஞரின் மெழுகும் ஒருங்கே வைத்துப் பார்க்கப்பட்டன. செல்லினியின் உருவே பொன்னாயிற்று.

போரும் பொன்னும்

இதற்கு முந்திய ஆண்டாகிய 1527இல் ரோமாபுரிக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் படை மே மாதம் 6ஆம் நாள் நகருட் புகுந்து சூறையாடிற்று. போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்டு சான்ட் ஏஞ்சலோ கோட்டையிற் புகலடைந்தார். செல்லினியும் அக்கோட்டையுட் புகுந்து பீரங்கி இயக்கினார். படைத்தலைவராகிய பூர்பன் கோமகனைச் சுட்டு வீழ்த்தியவர் தாமே என்று தம் வரலாற்றிற் கூறிக்கொள்கின்றார். தம்மைப் பற்றிய புகழ்ச்சியில் அவர் சிக்கனங் காட்டுபவர் அல்லராதலின், இதனை அவர் கூற்றாகவே கொள்ளுதல் தகும்.

ஆனால், அக்கோட்டையில் அவர் செய்த மற்றொரு வேலை நெஞ்சை உருக்குவது. போப்பாண்டவரின் மணிமுடிகளினின்றும் பிற அணிகளினின்றும் மணிகளைக் கழற்றி, பொன்னை உருக்கித் தரும்படி அவர் பணிக்கப்பட்டார். மணிகள் ஆடைகளின் மடிப்பில் வைத்துத் தைக்கப்பட்டன. கோட்டையின் மேலறையொன்றில் உலை அமைத்து, ஏறக்குறைய இருநூறு பவுண்டு நிறையுள்ள பொன்னை அவர் உருக்கினார். முந்திய தலைமுறைப் பொற்கொல்லர் பலர் கண் தேய்த்துச் செய்த நுண்வேலைகளைப் பொற்கொல்லர் ஒருவரே நெருப்பிலிட நேர்ந்த கொடுமையை என்னென்பது! உலைச் சாம்பலில் எஞ்சிய பொற்றுகள் சிலவற்றைத் தாம் வைத்துக்கொண்டதைப் பின்னர் அவர் போப்பாண்டவரிடமே அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றார். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

வைரம் வைத்த இடம்

அமைதி திரும்பியபின், போப்பாண்டவர் தம் திருமேலாடையை மார்பிற் பொருத்தும் பெரிய கொளுவியொன்று செய்விக்க எண்ணினார். அதிற் பிதாவாகிய கடவுளின் உருவம் புடைத்து நிற்கவேண்டும்; இரண்டாம் ஜூலியஸ் போப்பாண்டவர் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பெரிய வைரமும் பிற மணிகளும் அதில் இடம்பெறவேண்டும். நகரத்துப் பொற்கொல்லர் பலர் படம் வரைந்து கொணர்ந்தனர். அவர்கள் எல்லாரும் வைரத்தைக் கடவுளின் மார்பின் நடுவிலேயே வைத்திருந்தனர். பெரிய மணி நடுவிலிருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

செல்லினி வேறுவிதமாக எண்ணினார். மார்பில் வைத்தால் வைரம் உருவத்தை மறைக்கும்; உருவம் வைரத்தைச் சிறுமைப்படுத்தும். ஒன்றற்கொன்று பகையாகாது துணையாவது எவ்வாறு? அவர் தம் மெழுகுருவில் வைரத்தைக் கடவுளின் இருக்கையாக அமைத்தார். அதன்மேற் கடவுள் சற்றே ஒருபுறம் திரும்பி அமர்ந்து, வலக்கையை உயர்த்தி ஆசி வழங்குகின்றார். வைரத்தின் கீழே மூன்று குழந்தைகள் கைகளை உயர்த்தி அதனைத் தாங்குகின்றனர். கடவுளின் மேலாடை மடிப்புக்களினின்று வேறு குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றனர். பிற படங்களையெல்லாம் முதலிற் பார்த்துச் சலித்திருந்த போப்பாண்டவர், இம்மெழுகைக் கண்டவுடன் வேலையை இவரிடமே ஒப்புவித்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மற்றவர்க்கும் அதே வைரம், அதே பொன், அதே கட்டளை. அவர்கள் வைரத்தை எங்கே பதிப்பது என்று எண்ணினர். செல்லினி, வைரம் அங்கே என்ன தொழில் செய்யும் என்று எண்ணினார். வினா மாறியதும் விடையும் மாறிற்று. புதுமை எனப்படுவது பெரும்பாலும் இவ்வளவே.

செய்முறையிலும் அவர் தனிவழி சென்றார். கரடோசோ என்னும் முன்னோர், மெழுகுருவை வெண்கலத்தில் வார்த்து, அதன்மேற் பொற்றகட்டை வைத்துத் தட்டி உருவெடுப்பது வழக்கம். செல்லினி அதனைப் போற்றினாரெனினும், வெண்கல உருவின் துணையின்றித் தகட்டையே முன்னும் பின்னுமாகச் சிற்றுளிகளால் தட்டி, சிறிது சிறிதாக உருவத்தை எழுப்பினார். அக்கொளுவி பின்னர் இரண்டரை நூற்றாண்டுகட்கு மேல் நிலைத்திருந்து, 1797இல் நெப்போலியனுக்குப் போப்பாண்டவர் செலுத்த நேர்ந்த தண்டப்பொருளின் பொருட்டு உருக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியர் ஒருவர் அதனைப் பார்த்து வரைந்த வண்ணப் படங்கள் மட்டும் இலண்டன் பிரிட்டிஷ் கண்காட்சிச் சாலையில் உள்ளன.

இரத்தக் கறை

இவ்வளவு நுண்ணிய கை எத்தகைய செயல்களையும் செய்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. 1529இல் அவருடைய தம்பி தெருச் சண்டையொன்றிற் சுடப்பட்டு இறந்தார். செல்லினி, சுட்டவனை இரவில் தேடிச் சென்று கட்டாரியாற் குத்திக் கொன்றார். 1534இல் கிளெமெண்டு போப்பாண்டவர் இறந்ததும், தம்மோடு போட்டியிட்டுத் தம்மீது கோள் கூறிவந்த பொம்பேயோ என்னும் மிலான் நகரத்துப் பொற்கொல்லரைத் தெருவிலேயே குத்திக் கொன்றார். புதிய போப்பாண்டவர் மூன்றாம் பால், அவருடைய கலைத்திறனைக் கருதி மன்னிப்பு வழங்கினார். திறமை குற்றத்திற்குத் திரையாயிற்று. அத்திரை அவருக்கு நன்மை செய்ததோ தீமை செய்ததோ என்பது எண்ணத்தக்கது. முதற் குற்றத்திற்கே உரிய தண்டனை பெற்றிருந்தால், அடுத்த குற்றத்திற்கு அவர் கை அஞ்சியிருக்கும் அன்றோ?

1538இல் அவர் திடீரெனச் சிறைபிடிக்கப்பட்டார். முற்றுகைக் காலத்தில் போப்பாண்டவரின் மணிகளைக் கவர்ந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. கணக்குகளை ஆராய்ந்தபோது மணிகள் ஒன்றும் குறைந்ததாகக் காணப்படவில்லை என்று அவர் எழுதுகின்றார். ஆயினும் விடுதலை கிடைக்கவில்லை. நம் சிலப்பதிகாரத்திலே பொற்கொல்லன் பிறன்மேற் கள்வனென்னும் பழியைச் சுமத்தினான். இங்கோ பொற்கொல்லர்மேலேயே அப்பழி சுமந்தது. செய்த கொலைகளுக்குத் தப்பியவர் செய்யாத களவிற்காகச் சிறையிற் கிடந்தார்.

தாம் ஒருகாலத்திற் பீரங்கி இயக்கிக் காத்த சான்ட் ஏஞ்சலோ கோட்டையே அவருக்குச் சிறையாயிற்று. படுக்கைத் துணிகளைக் கிழித்துக் கயிறாக்கி இறங்கித் தப்ப முயன்றபோது கால் முறிந்தது. மீண்டும் பிடிபட்டு, ஈரம் கசியும் இருட்டறையில் அடைக்கப்பட்டார். நாளில் ஒன்றரை மணி நேரம் மட்டும் உள்ளே சிறிது வெளிச்சம் புகும். அவ்வெளிச்சத்தில் அவர் வேதாகமத்தை வாசித்தார். எஞ்சிய நேரமெல்லாம் வாசித்ததைத் தியானித்தார். பொன்னும் இல்லை, மெழுகும் இல்லை. கரித்துண்டொன்றாற் சுவரிற் பிதாவின் உருவத்தையும் இயேசு பெருமானின் உருவத்தையும் வரைந்தார். கதிரவனைக் காண வேண்டுமென்று ஏங்கி மன்றாடிய அவருக்கு ஒருநாள் காட்சியொன்று தோன்றியதாம். உருக்கிய பொன்போலும் கதிரவனின் நடுவே சிலுவையில் அறையுண்ட ஆண்டவரின் திருவுருவம் எழுந்ததாம். இக்காட்சியை அவர் இறக்குமளவும் மறந்தாரல்லர்.

உப்புக் கலம்

பிரான்சு தேசத்து அரசர் பிரான்சிஸின் வேண்டுகோளினாலும் கர்தினால் இப்போலித்தோ தெஸ்தேயின் முயற்சியாலும் 1539ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்றார். அக்கர்தினால் தமக்கு ஓர் உப்புக் கலம் வேண்டுமென்றார். அவருடன் இருந்த கற்றோர் இருவர் தத்தம் கருத்தைக் கூறினர். வீனஸையும் அவள் மைந்தனையும் அமைக்கலாம் என்றார் ஒருவர்; கடல் தெய்வத்தின் மனைவியைப் பரிவாரங்களோடு அமைக்கலாம் என்றார் மற்றொருவர். செல்லினி இருவரையும் பொறுமையாய்க் கேட்டார். சொல்லும்போது அழகாயிருப்பது செய்யும்போது அழகாயிராது என்பதைத் தொழிலறிந்தவர் உணர்வர். ஆகவே அவர் உப்பு எங்கிருந்து வருகின்றது என்று சிந்தித்தார். கடல் நிலத்தோடு கலக்குமிடத்தில் உப்பு விளைகின்றது. கடல் தெய்வமாகிய நெப்டியூன் சூலந் தாங்கி ஒருபுறம், நிலமடந்தை மறுபுறம், நிலத்தினுள்ளே கடல் புகுதல்போல இருவர் கால்களும் ஒன்றனிடை ஒன்று பின்னியிருக்கும். கடலின் அருகே ஒரு கப்பல், அதில் உப்பு. நிலத்தின் அருகே ஒரு சிறு கோயில், அதில் மிளகு. இங்ஙனம் ஒரு மேசைப் பாத்திரத்தில் உலகையே அடக்கினார்.

இவ்வளவு பெரிய வேலைக்குக் கர்தினால் தயங்கினார். 1540இல் பிரான்சு சென்றபின், அரசர் பிரான்சிஸ் அம்மெழுகுருவைக் கண்டு வியந்து, ஆயிரம் பொற்காசுகள் அளிக்கக் கட்டளையிட்டார். அப்பொன்னைக் கூடையில் வைத்துக்கொண்டு மாலையில் ஆற்றங்கரை வழியே வந்தபோது கள்வர் நால்வர் தாக்க, வாளை உருவிப் போரிட்டுக்கொண்டே வீடு சேர்ந்ததாக அவர் எழுதுகின்றார். 1543இல் கலம் நிறைவேறிற்று. உயரம் 26 சென்டிமீட்டர். நீளம் 33 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. கருங்காலியாலான அடித்தளத்திற் காலையும் பகலும் மாலையும் இரவும் உருவங்களாய்ச் சாய்ந்திருக்கின்றன; காற்றுக்களும் அங்கே உள்ளன.

எஞ்சிய ஒரே பொன்வேலை என்று மேலே குறித்தது இதுவே. 1570இல் ஒன்பதாம் சார்லஸ் அரசர் இதனை ஆஸ்திரிய கோமகன் பெர்டினாண்டிற்குப் பரிசாக அளித்தார். இன்று வியன்னாக் கலைக் கண்காட்சிச் சாலையில் உள்ளது. 2003ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் அங்கிருந்து களவாடப்பட்டு, 2006 ஜனவரியில் காட்டிலே பெட்டியொன்றினுட் புதைக்கப்பட்டிருந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. உருகாமல் மீண்டது உலகின் நற்பேறே.

நெருப்பும் முதுமையும்

பிரான்சிலும் பகை பெருகியது. 1545இல் பிளாரன்ஸ் மீண்டு, கொசிமோ கோமகனுக்காகப் பெர்சியஸ் என்னும் வீரனின் வெண்கலச் சிலையை வார்க்கத் தொடங்கினார். மெதுசா என்னும் அரக்கியின் தலையை வீரன் ஏந்தி நிற்கும் தோற்றம் அது. பொற்கொல்லனுக்குப் பெருஞ்சிலை வருமோ என்று பலர் நகைத்தனர். வார்க்கும் நாளில் அவருக்குக் கடுங்காய்ச்சல், கூரையிலே தீப்பற்றிற்று, புறத்தே மழையும் காற்றும். படுக்கையிற் கிடந்தவர், உலோகம் உறைந்துவிட்டது என்று கேட்டதும் எழுந்தோடி, கருவாலி விறகைக் கொணர்வித்து உலையை மூட்டினார். உலோகம் ஓடாது தயங்கவே, தம் வீட்டிலிருந்த ஈயக் கலப்புத் தட்டுக்களும் கிண்ணங்களும் ஏறக்குறைய இருநூற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே எறிந்தார். வெண்கலம் உருகி அச்சை நிரப்பிற்று. 1554 ஏப்ரலிற் சிலை திறக்கப்பட்டபோது நகரமே திரண்டு போற்றியது. இன்றும் அதே சதுக்கத்து மண்டபத்தில் அது நிற்கின்றது.

புகழின் உச்சியிலும் அவர் வாழ்வு தெளியவில்லை. 1557இல் ஒழுக்கக் குற்றமொன்றிற்காகத் தண்டிக்கப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அதன் பின்னர், 1558இல், தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினார். தாம் கைவேலை செய்துகொண்டே சொல்ல, சிறுவனொருவன் எழுதினான். அந்நூல் 1728இல்தான் அச்சேறிற்று. ஜெர்மானியப் பெருங்கவி கெத்தே அதனைத் தம் மொழியிற் பெயர்த்தார். பொன்வேலையையும் சிற்பத்தையும் பற்றிய அவர் நூல்கள் 1568இல் வெளிவந்தன. மணி பதித்தல், எனாமல் பூசுதல், இழை வேலை, வைரத்தின் அடியில் வண்ணந் தீட்டுதல் ஆகியவற்றைத் தம் ஆசிரியர் மறைத்ததுபோல் மறையாது, வருவோர்க்கெனத் திறந்து வைத்தார். வாழ்நாளெல்லாம் போட்டியாளரை வெறுத்தவர், இறுதியில் தாம் காணாத மாணாக்கர்க்குத் தம் செல்வத்தைப் பங்கிட்டார்.

இவற்றினிடையே மற்றொரு வேலையும் நடந்தது. ஒருவரும் கட்டளையிடாமல், கூலியும் எதிர்பாராமல், தம் கல்லறைக்கென்றே வெண்பளிங்கிற் கிறிஸ்து நாதரின் திருவுடலைச் செதுக்கிக் கருஞ்சலவைக்கற் சிலுவையிற் பொருத்தினார். இருட்டறையிற் கதிரவன் நடுவே கண்ட காட்சியே இது. 1562இல் முடிந்த அச்சிலுவை அவர் கல்லறையைச் சேரவில்லை. கோமகன் அதனை வாங்கினார். பின் ஸ்பெயின் அரசருக்குப் பரிசாயிற்று. இன்று எஸ்கோரியல் மடத்தில் உள்ளது. செல்லினி 1571 பெப்ரவரி 13ஆம் நாள் இறந்து பிளாரன்ஸ் அன்னுன்சியாத்தா ஆலயத்தில் அடக்கம் பெற்றார்.

முடிவுரை

மோசேயின் காலத்தில் ஆசரிப்புக் கூடாரத்திற்குப் பொன்வேலை செய்ய அழைக்கப்பட்ட பெசலெயேலை நாம் வேதாகமத்திற் காண்கின்றோம். கைத்திறனும் கருத்துத் திறனும் தேவ ஆவியின் ஈவு என்று அங்கே அறிகின்றோம். அவ்வீவு செல்லினிக்கும் அளவிறந்து கிடைத்தது. அதனை அவர் சோம்பலிற் புதைத்தாரல்லர். தேடியும் பயின்றும் மாற்றியும் சோதித்தும் நூறாகப் பெருக்கினார். அந்த அளவில் அவர் நம்மனோர்க்கு ஆசிரியரே. கல்வியிற் புதுமை வேண்டுவோர், பலரும் வைரத்தை வைக்குமிடத்திலேயே தாமும் வைக்காது, அதற்குரிய இடம் யாது என்று ஒருகணம் நின்று எண்ணுதல் நன்று.

ஆனால், மெழுகிற் பிழை கண்டால் உடனே பிசைந்து திருத்திய அவர், மனத்திற் பிழை கண்டபோது அங்ஙனம் திருத்தவில்லை. அதனால் இருவர் உயிர் இழந்தனர். அவரும் அமைதி இழந்தார். கலையின் சிறப்பு அக்குற்றத்தைத் துடைக்காது; குற்றத்தின் இழிவு கலையின் சிறப்பை அழிக்கவும் செய்யாது. இரண்டும் ஒருங்கே நிற்க, நாம் இரண்டையும் பார்த்தே ஆகவேண்டும். போப்பாண்டவர்க்கும் அரசர்க்கும் செய்த பொன்னெல்லாம் பெரும்பாலும் உருகிப்போயிற்று. கூலியின்றி, குனிந்த தலையோடு, தமக்கென்று அவர் செதுக்கிய கல்லோ இன்றும் நின்று, தன்முன் வருவோரை முழந்தாளிடச் செய்கின்றது. கையைப் பழக்குமுன் உள்ளத்தையும், உள்ளத்தோடு கையையும் ஒருங்கே பழக்கும் பேறு கல்லூரியிற் பயிலும் நமக்கு வாய்த்திருக்கின்றது. அதனை நழுவவிடாதிருப்போமாக.